மறுமொழியார் செத்த ஞாயிறு

எனக்கு வயது எண்பத்து நான்கு, நான் வளர்த்தது ஐந்து பேர். படித்தது மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான். அதனால் மெதுவாகத்தான் எழுதுவேன். அவசரப்படுகிறவர்கள் வேறு யாரையாவது வாசிக்கலாம், எனக்குக் கோபமில்லை.

எழுதப் போவது ஒரு மனிதனைப் பற்றி. பேர் சொல்ல மாட்டேன். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் நாங்கள் இருந்த கட்டடத்தில் அவனை எல்லோரும் மறுமொழியார் என்றுதான் சொன்னார்கள். மரியாதைக்காக வைத்த 'ஆர்' இல்லை அது. அப்போது அவனுக்கு முப்பது வயதுதான் இருக்கும். ஒருவர் சொன்ன சொல்லுக்கு மறுமொழி சொல்லாமல் விட அவனால் முடியாது, அதுதான் காரணம். நீங்கள் தும்மினால் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்தான், மருமகனுடைய ஊர்க்காரன் என்ற உறவில். என் மூத்த மகளின் வீடு பதினெட்டாம் மாடியில். இரண்டே இரண்டு அறை, அதற்குள் நாங்கள் ஏற்கெனவே நெருக்கியடித்துக் கொண்டிருந்தோம். ஹோலில் என்னுடைய பழைய நூல்சேலை ஒன்றைத் திரையாகக் கட்டி, அதற்குப் பின்னால் அவனுக்கு ஒரு மெத்தை போட்டோம். அந்தத் திரைச்சீலை இருக்கிறதே, அதற்கு வாய் இருந்தது. சமையலறையில் தமிழ் வானொலி பாடிக்கொண்டிருக்கும். அறிவிப்பாளர் நேரம் எட்டு மணி என்பார். திரைச்சீலை, எட்டு மணி மூன்று நிமிடம் என்று சொல்லும். அறிவிப்பாளர் இன்று மழை வரலாம் என்பார். யன்னலைத் திறந்து பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கலாமே என்று திரைச்சீலை கேட்கும்.

வீட்டுக்கு ஆட்கள் வந்தால் நான் வழக்கமாக ஒரு கதை சொல்லுவேன். கணவர் இளம் வயதில் போனபிறகு நான் தனியாக நின்று பிள்ளைகளை ஆளாக்கிய கதை. சொல்லுவதற்கு எனக்கு உரிமை இருக்கிறது. கதையின் முடிவில், "அஞ்சு பேரை வளர்த்து எடுத்தனான்" என்று சொல்லி நிறுத்துவேன். வந்தவர்கள் தலையாட்டுவார்கள். அந்த நேரம் பார்த்துத் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வரும்.

"ஆறு."

"எடே, சோறு போட்டதெல்லாம் வளர்த்ததோ?"

"வளரேல்லையோ அன்ரி? வரேக்கை போட்டுக்கொண்டு வந்த களிசான் இப்ப பூட்டுதே இல்லை."

இந்தச் சண்டை எங்களுக்குள் முடியவே இல்லை. நான் ஐந்து என்பேன், அவன் ஆறு என்பான். ஆட்கள் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன், கணக்கில் விட்டுக்கொடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

அவனுடைய மனைவி கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் காத்திருந்தாள். கல்யாணம் செய்து சில மாதங்களில் பிரிந்தவர்கள். நிலையான வேலை ஒன்று கையில் இருந்தால் அவளைக் கூப்பிடுகிற அலுவல் கெதியாக முடியும் என்று லோயர் சொல்லியிருந்தார். அந்த நிலையான வேலைதான் அவனுக்கு நிலைக்கவில்லை. மஃபின் செய்கிற ஒரு பக்டரியில் சேர்ந்தான். காலையில் எல்லோரையும் நிற்கவைத்து மேற்பார்வையாளர் அன்றைய அலுவல்களைச் சொல்லி, கடைசியில் "எனி குவெஸ்ஷன்ஸ்?" என்று கேட்பாராம். அது கேள்வியில்லை, போய் வேலையைப் பாருங்கள் என்றுதான் அர்த்தம் என்பது எனக்கே தெரியும். இவனிடம் கேள்விகள் இருந்தன. ஒவ்வொரு நாளும் இருந்தன. மாவு புளித்துப்போகும் வரைக்கும் இருந்தன. அனுப்பிவிட்டார்கள். பிறகு ஒரு றெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவப் போனான். சூப்பில் உப்புப் போதும் என்று முதலாளி யாரிடமோ சொல்ல, இவன் கழுவுகிற இடத்தில் நின்றபடியே காணாது என்று சொன்னானாம். இவனை ஒருவரும் கேட்கவில்லை. அங்கேயும் முடிந்தது.

கொழும்பிலிருந்து மனைவி ரெலிபோன் எடுக்கிற நாட்களில் மட்டும் அவன் வாய் கொஞ்சம் அடங்கும். அவள் என்ன கேட்டாலும், "ஓம், ஓம், கெதியிலை" என்று மட்டும் சொல்லுவான். அது மறுமொழியே இல்லை என்பது அவனுக்கும் தெரியும். அதற்குப் பிறகு திரைச்சீலை நெடுநேரம் பேசாமல் இருக்கும். எனக்கு அது பிடிக்காது.

அந்த நாட்களில் அவனும் நானும் ஒரே ஆங்கில வகுப்புக்குப் போனோம், ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் அறையில். ஒரு கோடையில் ரீச்சர் எங்களை ஏரிப் பக்கமாக இருக்கிற பழைய கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனா. தண்டவாளத்தில் ஓடுகிற ஸ்ட்ரீட்கார் எடுத்து, நெடுஞ்சாலைப் பாலத்துக்குக் கிட்ட இறங்கிப் போகவேண்டும். மேலே கார்கள் இரைந்து கொண்டு ஓடுகின்றன, கீழே புல்வெளியில் வரிசையாக வெள்ளைக் கூடாரங்கள். தலைக்குத் துணித்தொப்பி கட்டிய பெண்கள் இரும்புச் சட்டிகளில் எதையோ கிண்டுகிறார்கள். கொளுத்துகிற வெயிலில் தடித்த சிவப்புக் கம்பளிச் சட்டை போட்ட ஆண்கள் நீளத் துவக்குகளோடு நடக்கிறார்கள். கிட்டத்தட்ட இருநூறு வருடங்களுக்கு முன் அமெரிக்கன் வந்து அடித்த சண்டையை இவர்கள் கோடைக்குக் கோடை திரும்ப அடித்துப் பார்க்கிறார்களாம். வேலையில்லாதவர்கள் என்று நினைத்தேன். இல்லை. ஒருவர் பல் வைத்தியர், ஒருவர் வங்கியில் பெரிய ஆள். அமெரிக்கனாக நின்றவர்கள் மிசிசாகாவில் இருந்து வந்தவர்கள்.

ரீச்சர் எங்களுக்கு விளக்கிக் கொண்டிருந்தபோது பீரங்கியை வெடித்தார்கள்.

புகை கலைந்தபோது எங்கள் வகுப்பில் நின்றுகொண்டிருந்தது ரீச்சரும் ஒரு போலந்துக்காரியும்தான். தமிழர் அத்தனை பேரும் குப்புறப் புல்லில். யாரும் யாருக்கும் சொல்லவில்லை, யோசிக்கவுமில்லை. நான் ஐம்பது தாண்டியவள், சேலை உடுத்திருந்தேன். ஆனாலும் நான் விழுந்த விதம் குறைசொல்ல முடியாதது, ஒரு மடிப்புக் குலையவில்லை. எல்லோருக்கும் முதல் விழுந்தவன் எங்கள் மறுமொழியார்.

சிவப்பு மீசை வைத்த ஒரு சார்ஜன்ட் ஓடி வந்தார். இந்த மனிதர் வேடத்தைக் கழற்றாதவர். கையில் மணிக்கூடு கட்டியவரைக் கண்டால், இது என்ன அதிசயப் பொருள் என்று கேட்கிற ஆள். அவர் குனிந்து, இவ்வளவு கெதியாக விழுகிற ஆள் என் படையில் ஒருவனும் இல்லையே, எங்கே பழகினாய் என்று கேட்டார். இவன் முகத்தைப் புல்லிலிருந்து எடுக்காமலே மறுமொழி சொன்னான். ஊரில் பழகினதாம். அதோடு விட்டானா? நீங்கள் செய்தது பிழை, முதலில் ஹெலிகொப்ரர் வரவேண்டும், பிறகுதான் வெடிக்க வேண்டும், முன்னறிவித்தல் இல்லாமல் வெடித்தால் எப்படி என்று திருத்தமும் சொன்னான். வேடம் கழற்றாத சார்ஜன்ட் அன்றைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடுத்த ஞாயிறு வந்துவிடு, உனக்கும் ஒரு சட்டை இருக்கிறது என்றார்.

அப்படித்தான் எங்கள் ஆள் இங்கிலாந்து ராசாவின் படையில் சேர்ந்தான். சம்பளம் இல்லை, ஒரு நேரச் சாப்பாடு உண்டு. முதல்நாள் அந்தச் சிவப்புச் சட்டையோடு அவனைப் பார்த்தபோது என் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஆமிக்குப் பயந்து ஓடிவந்த நீ, ஆமிக்காரன்ரை சட்டையைப் போட்டுக்கொண்டு நிக்கிறாய்."

"இது எப்பவோ செத்துப்போன ஆமி, அன்ரி. ஐடென்ரிக்காட் கேக்காது."

அவனுக்குக் கொடுத்த வேலை சாவது. சும்மா சொல்லக்கூடாது, நன்றாகச் சாவான். வெடிச் சத்தம் கேட்டு முடிவதற்குள் நிலத்தில் இருப்பான். பார்க்க வந்த சனம் ஐயோ என்னும். பிரச்சினை செத்தபிறகுதான் தொடங்கும். ஒரு குழந்தை தாயிடம், அந்த ஆள் செத்துவிட்டாரா என்று கேட்டது. செத்துவிட்டேன் என்று பிரேதம் சொன்னது. இன்னொரு நாள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற ஒருவர், சட்டையில் பொத்தான்கள் பிழை என்று தன் நண்பரிடம் மெல்லச் சொல்ல, பிரேதம் தலையைத் தூக்கிப் பொத்தான்களின் வரலாற்றைச் சொல்லிவிட்டுத் திரும்பப் படுத்தது. சார்ஜன்ட் தலையில் கைவைத்தார். முன்வரிசையில் விட்டுப் பார்த்தார், பின்வரிசையில் விட்டுப் பார்த்தார். எங்கே விழுந்தாலும் பேசியது.

அந்தக் கோடை முடிவதற்குள் கோட்டையில் ஒரு நிலையான வேலை காலியானது. வருடம் முழுக்க, சம்பளத்தோடு. காலையில் கதவு திறந்து, அடுப்பு மூட்டி, வருகிறவர்களுக்குக் கோட்டையைச் சுற்றிக் காட்டுகிற வேலை. சார்ஜன்ட் இவனுடைய பெயரைச் சொல்லி வைத்தார். ஆனால் கோட்டை மனேஜர் ஒரு கண்டிப்பான மனிசி. சொன்ன சொல் கேட்கிற ஆள்தானா என்று நேரில் பார்க்க ஞாயிற்றுக்கிழமை சண்டைக்கு வருவதாகச் சொல்லிவிட்டா. சனிக்கிழமை சார்ஜன்ட் இவனைத் தனியாகக் கூப்பிட்டார். நாளைக்கு முதல் வெடியிலேயே நீ விழ வேண்டும், கொம்பு ஊதும் வரைக்கும் வாய் திறக்கக் கூடாது, திறந்தால் வேலை இல்லை என்றார்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. உங்களுக்கு முதலே சொல்லிவிட்டேன், நீங்கள் என்னைப்போல் ஏமாறத் தேவையில்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். சனிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வந்தவன் பேசவில்லை. வானொலி நேரத்தைச் சொன்னது, திரைச்சீலை திருத்தவில்லை. சாப்பாட்டில் வேண்டுமென்றே உப்பைக் கூட்டிப் போட்டேன், சாப்பிட்டுவிட்டு எழும்பிப் போனான். வாய்க்குள் ஒரு கராம்பை அடக்கி வைத்திருந்தான். பல்லுவலியோ என்று கேட்டேன். தலையை ஆட்டினான். நெஞ்சுவலியோ என்று கேட்டேன். அதற்கும் ஆட்டினான். ஆம் என்று ஆட்டினானா இல்லை என்று ஆட்டினானா என்று எனக்குப் பிடிபடவில்லை. இதற்குள் பீற்றூட் அவித்த தண்ணீர்ச் சட்டியும் காணாமல் போயிருந்தது. அதைத் தேடிக் களைத்துப் படுத்துவிட்டேன்.

ஞாயிறு மனம் கேளாமல் நானும் புட்டுப் பார்சல் ஒன்றைக் கட்டிக்கொண்டு கோட்டைக்குப் போனேன். எங்கள் வகுப்புத் தமிழரும் சிலர் வந்திருந்தார்கள். முதல் வெடி வெடித்தது. இந்த முறை நாங்கள் விழவில்லை, கொஞ்சம் குந்தி எழும்பினோம், அவ்வளவுதான். அவன் விழுந்தான். நான் நின்ற கயிற்றுக்குப் பக்கத்திலேயே, மல்லாக்க. நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிய வெள்ளைப் பட்டியில் சிவப்பாக ஊறிக்கொண்டு வந்தது.

மெதுவாகக் கூப்பிட்டேன். புட்டை சார்ஜன்டுக்குக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். அசைவில்லை. உன்னுடைய பள்ளிக்கூடம் ஒரு நாளும் கிரிக்கெட்டில் வென்றதில்லையாமே என்றேன். அதைக் கேட்டு இவன் சும்மா கிடந்த நாள் இல்லை. கிடந்தான். ஊரில் எத்தனையோ பேர் விழக் கண்டவள் நான். விழுந்தும் பேசினவன் பிழைத்தவன். பேசாதவனை நாங்கள் திரும்பக் கொண்டு வந்ததில்லை.

கயிற்றுக்குக் கீழால் புகுந்தேன். யாரோ "மேடம், மேடம்" என்றார்கள். அவனுடைய தலைமாட்டில் குந்தி, நெஞ்சில் அடித்துக்கொண்டு தொடங்கினேன். நான் பெரிதாகப் படிக்கவில்லையே தவிர, ஒப்பாரி சொல்லத் தெரியும். எங்கள் பகுதியில் என்னைக் கூப்பிடாமல் ஒரு பிரேதமும் எடுத்ததில்லை.

கோட்டைக்குப் போன ராசா
கொடிசாஞ்சு போனதென்ன
அக்கரையில் உன் பெண்சாதி
ஆருக்கடா காத்திருப்பாள்
அஞ்சு பிள்ளை வளர்த்த கைக்கு...

அடுத்த அடி 'ஆறுதலாய் வந்தவனே' என்று வரவேண்டும். நான் மூச்சு எடுக்க நிறுத்தினேன்.

"ஆறு" என்றது பிரேதம்.

எனக்கு அடியெடுத்துக் கொடுக்கிறான் என்றுதான் ஒரு கணம் நினைத்தேன். பிறகுதான் கண்டேன், அவனுடைய வாயிலிருந்து கராம்பு உருண்டு தாடையில் கிடந்தது. கண் மூடித்தான் இருந்தது, ஆனால் இமை துடித்தது. குனிந்து மூக்கை வைத்து மணந்து பார்த்தேன். நெஞ்சில் இருந்தது என்னுடைய பீற்றூட். மாரடித்த கை அப்படியே போய் அவனுடைய கன்னத்தில் ஒன்று விட்டது. அந்தச் சத்தம் பீரங்கிக்குக் குறையாது.

சனம் எழும்பி நின்று கைதட்டியது. கிழவி அழுது முடித்துப் பிரேதத்துக்கு அடிப்பது வரைக்கும் எல்லாம் ஒழுங்கு பண்ணினது என்று நினைத்துக்கொண்டார்கள். சார்ஜன்ட் மட்டும் மீசை நடுங்க நின்றார். அவருக்குப் பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு மனிசி. அவதான் மனேஜர். என்னிடம் வந்து, இவர் உங்களுக்கு யார், என்ன சொன்னார் என்று கேட்டா.

வகுப்பில் படித்த ஆங்கிலம் அந்த நேரம் எங்கே போனதோ தெரியாது. நாலு சொல்தான் வந்தது. ஒரு கையில் ஐந்து விரல், மற்றக் கையில் ஒன்று, இரண்டையும் தூக்கிக் காட்டினேன்.

"மை சன். நம்பர் சிக்ஸ்."

மனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா. செத்தவன் பேசக்கூடாது என்பது கட்டளை, இவன் மீறிவிட்டான் என்று சார்ஜன்ட் தொடங்கினார். அந்த மனிசி அவரைக் கையால் நிறுத்தினா. அப்படியென்றால் இவர் சாகவில்லை, காயம்தான் என்றா. பிறகு சொன்னதை எங்கள் வகுப்புப் பெட்டை ஒருத்தி எனக்குத் தமிழில் சொன்னாள். இங்கே வருகிறவர்கள் நாள் முழுக்கக் கேள்வி கேட்பார்கள், செத்துக் கிடக்கும்போதும் பதில் சொல்லுகிற ஒருவரை விட்டு நான் வேறு யாரைத் தேடுவது என்று கேட்டாவாம்.

வேலை கிடைத்தது. திங்கள் முதல் கதவு திறக்கப் போனான். ஞாயிறுகளில் அவனைச் சாகவிடுவதை நிறுத்தி, காயப்பட்டவனாக்கி, வைத்தியர் கூடாரத்துக்கு மாற்றினார்கள். அந்தப் பல் வைத்தியர்தான் அங்கே வைத்தியர். மரம் அறுக்கிற வாளை எடுத்து இவனுடைய காலை வெட்டுவதுபோல் செய்வார். இவன் தமிழில் கத்துவான். சனம் பயந்து பயந்து ரசிக்கும். என்ன கத்தினான் என்று விளங்கியது எங்களுக்கு மட்டும்தான்.

"உந்தக் காலில்லை, மற்றக் கால்."

வேலை கிடைத்த அந்த ஞாயிறு ஸ்ட்ரீட்காரில் திரும்பி வரும்போது கன்னத்தைத் தடவிக்கொண்டு பக்கத்தில் இருந்தான். புட்டுப் பார்சலை அவிழ்த்துத் தின்றான். வாய் நிறையப் புட்டோடு கேட்டான்.

"எல்லாருக்கும் முன்னாலை ஆறு எண்டு சொன்னீங்கள்தானே, அன்ரி?"

"இங்கிலீசிலை சொன்னது கணக்கிலை சேராது."

மனைவி அடுத்த கோடைக்கு வந்து சேர்ந்தாள். நல்ல பிள்ளை, அதிகம் பேசாதவள். புருசனுடைய காலை அறுப்பதைக் கூடாரத்துக்கு வெளியே நின்று அமைதியாகப் பார்த்தாள். "முதல் வாயைக் கட்டியிருக்கலாம்" என்று என்னிடம் மெல்லச் சொன்னாள். அன்றைக்கே அவளை எனக்குப் பிடித்துப்போனது. பிறகு விட்பிப் பக்கம் வீடு வாங்கிப் போனார்கள். தூரம்தான். ஆனாலும் என்னுடைய பிறந்தநாளுக்கு யாராவது மைக்கைப் பிடித்து, ஐந்து பிள்ளைகளை வளர்த்த தாய் என்று தொடங்கினால், மண்டபத்தின் பின்வரிசையில் இருந்து அந்தக் குரல் வந்துவிடும். நான் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்வேன். உள்ளுக்குள் அதற்குத்தான் காத்திருப்பேன்.

போன மாரியில் அவன் போனான். உண்மையாகவே நெஞ்சுவலி. ஸ்காபரோவில் மண்டபத்தில் வைத்திருந்தார்கள், கோட்டும் ரையும் கட்டி, வடிவாக. இந்த நாட்டு மண்டபங்களில் ஒப்பாரி சொல்ல ஒருவரும் கூப்பிடுவதில்லை. எனக்கு ஒரு கதிரை போட்டுத் தந்தார்கள். சனம் கொஞ்சம் விலகினதும் எழும்பிக் கிட்டப் போய், காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "அஞ்சு" என்றேன்.

கொஞ்சம் பொறுத்தேன். காது கேட்காமல் இருக்கலாம் என்று இன்னொரு தரம் பலமாகச் சொன்னேன். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாயைக் கட்டச் சொன்ன அந்தப் பிள்ளை வந்து என் கையைப் பிடித்தாள். கூட்டிக்கொண்டு போய் இருத்தப் போகிறாள் என்று நினைத்தேன். இல்லை. அவளும் என்னோடு நின்று அவனுடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இவ்வளவுதான் எழுத இருந்தது. என்னுடைய எழுத்தில் பிழைகள் இருக்கும். முந்தியென்றால் கடைச் சிட்டையில் நான் 'வாழைக்காய்' என்று எழுதினாலே 'ழ'வைப் பார்த்துச் சிரிப்பான். கடைசி மகனுடைய மகள் இப்போது என்னுடைய அறைக்குள்தான் இருக்கிறாள், சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகிறவள்.

"இஞ்சை வா, பிள்ளை. உந்தப் போனை அங்காலை வை. இதை எனக்கு வாசிச்சுக் காட்டு."

"ஃபுல்லாவோ அப்பம்மா? இட்ஸ் சோ லோங்."

"முதல் வரியிலை இருந்து தொடங்கு. பலமாய் வாசி. ஆரும் குறுக்கை திருத்தினால், உடனை நிப்பாட்டி எனக்குச் சொல்லு."